பூனையின் லிட்டர் பாக்ஸ்: 24 மணி நேரக் கணக்கு

பூனை இப்போதுதான் போன மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டை இருந்தாலும் அது உடனே யாருக்கும் நோய் கொடுக்காது. வெளியே வந்து 1 முதல் 5 நாள் கிடந்து முதிர்ந்தால்தான் அதற்கு அந்தத் திறன் வரும். பூனையின் உருண்டைப்புழு முட்டைக்கு இன்னும் அதிகம், 2 முதல் 4 வாரம் வேண்டும். கொக்கிப்புழுவின் முட்டை ஈர மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம், பத்து நாளில் வெறுங்காலின் தோலைத் துளைக்கும் புழுவாகிவிடும். மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா அமோனியாவாக உடைக்கவும் நேரம் தேவை. ஆக, லிட்டர் பாக்ஸிலிருந்து, அதாவது லிட்டர் என்னும் மண்ணை நிரப்பிப் பூனை மலம், மூத்திரம் போக வைக்கும் டப்பிலிருந்து, வீட்டுக்கு வரக்கூடிய கெடுதலில் பலவும் நேரம் கொடுத்தால்தான் வளரும். 24 மணி நேரத்துக்குள் அள்ளிவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. வாசனை ஸ்பிரேயும் ஃபீனைலும் இந்த வேலையைச் செய்யாது. சில சமயம் ஃபீனைலே பூனையைக் கொல்லும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

வடசென்னையில் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டியிருக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வீடுகள் சிறியவை. ஒரே அறையில் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, மூலையில் பூனையின் பாக்ஸ். காற்றில் ஈரப்பதம் வருஷம் முழுக்க உண்டு. எலிக்குப் பஞ்சமில்லை, அதனால் வீட்டுப் பூனையும் வேட்டையாடித் தின்னும். பச்சை எலியும் பச்சை இறைச்சியும் தின்னும் பூனைக்குத்தான் டாக்சோபிளாஸ்மா பெரும்பாலும் தொற்றுகிறது. தொற்றிய பூனை அந்த முட்டையை வெளியேற்றுவது பொதுவாக முதல் தொற்றின்போது 1 முதல் 3 வாரம்தான். அந்த வாரம் எதுவென்று வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பூனை நன்றாகவே இருக்கும். எல்லா நாளும் அள்ளச் சொல்வது அதனால்தான்.

எந்த டப், எங்கே வைப்பது

மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையை அளந்து பாருங்கள். அதுபோல் ஒன்றரை மடங்கு நீளம் பாக்ஸுக்கு வேண்டும். 45 செ.மீ. பூனைக்குக் கிட்டத்தட்ட 65 முதல் 70 செ.மீ. கடையில் லிட்டர் பாக்ஸ் என்று விற்கும் பலவும் இதைவிடச் சின்னது. பூனை திரும்ப இடமில்லாமல் முன்காலை உள்ளே வைத்துப் பின்பக்கத்தை வெளியே நீட்டிப் போகும், வீட்டுக்காரர்கள் பூனைக்கு ஒழுங்கில்லை என்பார்கள். பிளாஸ்டிக் கடையில் கிடைக்கும் பெரிய துணி டப்போ, மூடி போட்ட பொருள் வைக்கும் பெட்டியோ வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால் மலிவாகவும் முடியும், பெரிதாகவும் இருக்கும். வெட்டிய விளிம்பைச் சூடான கரண்டியால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். வயதான பூனைக்கும் குட்டிக்கும் வாசல் 7, 8 செ.மீ. போதும்.

டப்பின் அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன். கொதிக்கும் தண்ணீரைத் தாங்கும். மெல்லிய மலிவு டப் வளைந்துபோகும். இது ஏன் முக்கியம் என்பது கழுவும் இடத்தில் தெரியும்.

எண்ணிக்கைக்குப் பொதுவான கணக்கு, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுவது. இரண்டு பூனைக்கு மூன்று பாக்ஸ். பத்துக்குப் பத்து வீட்டில் இது நடக்காது என்பது தெரிந்ததே. இடமில்லாவிட்டால் ஒரே பெரிய டப் வைத்து நாளைக்கு மூன்று முறை அள்ளுங்கள். பாக்ஸின் எண்ணிக்கையைக் குறைத்தால் அள்ளும் முறையைக் கூட்ட வேண்டும், இரண்டையும் குறைக்கக் கூடாது.

இடம் என்றால் முதல் விதி, அடுப்பிலிருந்தும் சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் குடிதண்ணீர்க் குடத்திலிருந்தும் தள்ளி. ஈயும் கரப்பானும் மலத்தில் உட்கார்ந்துவிட்டு அப்படியே சோற்றுப் பானைக்கு வரும்; அவற்றின் காலிலும் வயிற்றிலும் டாக்சோபிளாஸ்மா முட்டை பயணம் செய்யும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள், இரவெல்லாம் அமோனியாவை மூச்சு வாங்குவீர்கள். இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் இது இன்னும் மோசம். மாடிப்படிக்கு அடியில், வலை அடித்த பால்கனியின் மூலையில், பாத்ரூம் கதவை ஒட்டிய ஓரத்தில் வைக்கலாம். பாத்ரூமுக்கு உள்ளேதான் இடம் என்றால் இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் தூக்கி வையுங்கள். குளிக்கிற தண்ணீர் தெறித்தால் கடை லிட்டர் சேறாகிவிடும். வாஷிங் மெஷின் பக்கம் வேண்டாம். அது சுழலத் தொடங்கும் நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருந்த பூனை ஒரு தடவை மிரண்டால் பிறகு அந்தப் பாக்ஸை எட்டிக்கூடப் பார்க்காது.

வாசலில் ஒரு சணல் கால்மிதி போடுங்கள். காலில் ஒட்டிவரும் மண்ணில் நிறையவே அங்கே உதிரும்.

எந்த லிட்டர் போடுவது

கடையில் கட்டி பிடிக்கும் லிட்டர் என்று விற்பது பெரும்பாலும் பென்டோனைட் களிமண். குஜராத்தின் கட்ச் பக்கம் வெட்டியெடுப்பது. மூத்திரம் பட்ட இடம் ஊறி உருண்டையாகத் திரளும், அதை மட்டும் தூக்கினால் மீதி மண் சுத்தமாக இருக்கும். ஒரு நாளுக்குள் மலம், மூத்திரம் இரண்டையும் முழுசாக வெளியே எடுக்கும் வேலைக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனால் பலரும் இதில் ஏமாறுவது அளவில். 50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம் உள்ள சின்ன டப்பிலேயே 5 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப ஏறத்தாழ 8 கிலோ வேண்டும். 5 கிலோ பையைக் கொட்டினால் 3 செ.மீ. அளவுதான் வரும். அப்போது மூத்திரம் திரளும் முன் டப்பின் அடியைத் தொட்டு, அங்கேயே அப்பிக்கொள்ளும். சுரண்டிச் சுரண்டிப் பிளாஸ்டிக் கீறும். கீறலில் நாற்றம் தங்கும். பிறகு எந்த லிட்டர் போட்டாலும் நாறும். காசு மிச்சம் பிடிக்க மண்ணைக் குறைப்பது இப்படித்தான் கூடுதல் செலவில் முடிகிறது. 5 முதல் 7 செ.மீ., அதாவது மூன்று நான்கு விரல் உயரம் எப்போதும் இருக்க வேண்டும். மூன்று, நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு இதைப் போடாதீர்கள். எதையும் வாயில் வைக்கும் வயசு, வயிற்றுக்குள் போய்த் திரண்டுகொள்ளும். வாசனை சேர்த்த வகையையும் தவிருங்கள். நமக்கு மல்லிகை மணம், பூனையின் மூக்குக்கு அது தொந்தரவு.

மணல் போடுகிறவர்கள் இங்கே நிறைய. தெருவில் வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலிலிருந்து ஒரு பக்கெட் அள்ளிவருவது வழக்கம். அந்தக் குவியல் ஏற்கெனவே தெருப் பூனைகளின் கழிப்பிடம், நாய்களும் வந்துபோன இடம். அதிலிருந்து அள்ளினால் ஊர்ப் புழுவையெல்லாம் வீட்டுக்குள் கூட்டிவருகிறோம். கடற்கரை மணலும் வேண்டாம். உப்பு இருப்பதால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து எப்போதும் நசநசவென்று இருக்கும், தவிர கரையிலிருந்து மணல் அள்ளுவது சட்டப்படியும் தப்பு. மணல்தான் கட்டுப்படியாகும் என்றால் ஹார்டுவேர் கடையில் மூட்டையாக வரும் மணலை வாங்கி, சலித்து, இரண்டு தண்ணீரில் அலசி, கறுப்புத் தார்ப்பாயில் பரப்பி நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். எம் சாண்ட் என்றால் அலசாமல் போடவே கூடாது, அதன் நுண்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். மணல் மூத்திரத்தைப் பிடிக்காது. அடிக்கு இறங்கித் தேங்கும். அதனால் மலத்தைத் தினமும் அள்ளினாலும் மணல் முழுவதையும் வாரம் இருமுறை மாற்றியாக வேண்டும்.

மரத்தூளுக்கு மரம் அறுக்கும் பட்டறையில் கேட்டால் கிடைக்கும். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, பழைய கதவு அறுத்த தூளை வாங்காதீர்கள். அவற்றில் பசையும் ரசாயனமும் இருக்கும். மாவு போன்ற தூளைச் சலித்து நீக்கிவிட்டு, சுருள் சுருளான இழைப்பை மட்டும் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மொத்தமும் மாற்ற வேண்டும். நியூஸ்பேப்பர் கிழித்துப் போட்டால் தினமும்.

அடுப்புச் சாம்பலைப் பலர் நாற்றத்துக்காகத் தூவுகிறார்கள். சாம்பல் காரத்தன்மை உள்ளது; காரம் கூடினால் மூத்திரத்திலிருந்து அமோனியா இன்னும் வேகமாக ஆவியாகும். பூனையின் பாதத்தையும் அரிக்கும். விட்டுவிடுங்கள். சமையல் சோடாவை அடியில் மெல்லிசாக, இரண்டு மேசைக்கரண்டி அளவு தூவி அதன்மேல் லிட்டர் போட்டால் போதும்.

லிட்டர் வகையை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து, மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டி, பத்து நாளில் முழுசாக மாற்றுங்கள்.

அள்ளும் முறை

காலையில் குப்பை வண்டி வருவதற்கு முன் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. குப்பை வண்டி நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் அள்ளியது வீட்டில் தங்காது, மறக்கவும் மறக்காது.

அள்ளுவதற்கு லிட்டருக்கென்றே ஓர் அள்ளுகரண்டி, இல்லையென்றால் வடை எடுக்கும் ஜல்லிக்கரண்டி புதிதாக ஒன்று வாங்கி இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் நல்லது. பிளாஸ்டிக் கரண்டி வளையும், கட்டி உடையும். பிடியில் சிவப்பு டேப் சுற்றிவிட்டால் தவறிப்போய்க்கூட யாரும் சமையலறைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அதை மாட்டிவைக்க ஒரு சின்ன வாளி தனியாக இருக்கட்டும்.

பூனை மூத்திரம் போன உடனே கரண்டியைப் போடாதீர்கள். கட்டி இறுக 10 முதல் 15 நிமிஷம் வேண்டும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அரைமணி கூட ஆகும். ஈரமாக இருக்கையில் தொட்டால் உருண்டை நொறுங்கித் துகள்கள் சுத்தமான மண்ணோடு கலந்துவிடும். தினமும் அள்ளுகிறோமே, ஏன் நாறுகிறது என்று கேட்பவர்களின் வீட்டில் பாதி இதுதான் காரணம். கரண்டியைப் பக்கவாட்டில் அடி வரை இறக்கி, கட்டிக்குக் கீழே நுழைத்து, முழுசாகத் தூக்குங்கள். மெல்ல இரண்டு ஆட்டு ஆட்டினால் சுத்தமான மண் உதிரும். வேகமாக ஆட்டினால் தூசி கிளம்பும். பிறகு நான்கு மூலையிலும் கரண்டியை ஓட்டிப் பாருங்கள். சில பூனைகள் டப்பின் சுவரோரமாகப் போகும், அங்கே ஒட்டிய கட்டி மேலே தெரியாது. எடுத்த அளவுக்குப் புது லிட்டர் ஓரிரு கைப்பிடி சேர்த்து மட்டம் தட்டிவிடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி, நகக்கண் உட்படத் தேய்த்துக் கை கழுவ வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் கழுவ வேண்டும்.

இப்படிச் செய்தால் கட்டி பிடிக்கும் லிட்டரை முழுசாக மாற்ற 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போதும், இரண்டு பூனை இருந்தால் இரண்டு வாரம். மே மாதத்தில் இந்தக் கணக்கில் ஒரு வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கழுவும் நாள்

லிட்டர் மாற்றும் அன்று டப்பைக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒருபோதும் வேண்டாம். குழந்தைகளைக் குளிப்பாட்டும் இடத்தில் கழுவினால் அந்தத் தரையையும் பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

பழைய மண்ணை முதலில் பையில் கொட்டி, ஒட்டியிருப்பதைப் பழைய அட்டையால் வழித்து அதையும் பையிலேயே போடுங்கள். தண்ணீரால் அடித்துக் கழுவக் கூடாது. பென்டோனைட் தண்ணீரில் பல மடங்கு உப்பி, சாக்கடைக் குழாயின் வளைவில் சிமெண்ட் போல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு தண்ணீரும் வாசனையில்லாத சோப்புத் தூளும் போட்டு, இதற்கென்று வைத்த பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். எலுமிச்சை மணம் உள்ள பாத்திர சோப்பு எதற்கும் வேண்டாம். பூனைக்கு அந்த வாசம் பிடிக்காது, கழுவிய பாக்ஸை மோந்து பார்த்துவிட்டு மெத்தையில் போகும்.

இதற்குப் பிறகுதான் கொதிக்கும் தண்ணீர். டாக்சோபிளாஸ்மா முட்டைக்கும் உருண்டைப்புழு முட்டைக்கும் ஓடு தடிமனானது. வீட்டில் பயன்படுத்தும் அளவுக்குக் கலந்த பிளீச் அவற்றை அசைக்காது. வெப்பம் கொல்லும். கேஸிலிருந்து இறக்கிய கையோடு, அடியும் சுவரும் நனையும்படி மூன்று நான்கு லிட்டர் ஊற்றி, 10 நிமிஷம் அப்படியே விடுங்கள். கரண்டியையும் அதிலேயே போட்டுவிடலாம். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் கவிழ்த்து வைத்து வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். ஈர டப்பில் லிட்டர் போட்டால் முதல் நாளே அடியில் ஒட்டும்.

பிளீச் தேவைப்படும் நேரம் ஒன்று உண்டு. பூனைக்குப் பான்லூகோபீனியா என்னும் பார்வோ வைரஸ் வந்து வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தது என்றால், அந்த வைரஸ் வீட்டில் ஒரு வருஷம் வரை உயிரோடு இருக்கும். அடுத்து வரும் குட்டியைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு 5 சதவீத திரவ பிளீச் 30 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, சோப்பால் கழுவி அலசிய டப்பில் ஊற்றி 10 நிமிஷம் விட்டு, நாலைந்து தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பிளீச்சிங் பவுடர் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஒரு டீஸ்பூன், சுமார் 5 கிராம். கலக்கி வைத்து, தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். பாக்கெட் பிரித்து மாசக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது.

மூத்திரம் போகக் கழுவாத டப்பில் பிளீச்சை ஊற்றாதீர்கள். அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்னும் நச்சு வாயு கிளம்பும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடும் வினிகரோடும் பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத பாத்ரூமில் இது ஆளையே சாய்த்துவிடும்.

ஃபீனைலைத் தூக்கி எறியுங்கள்

வீடு கழுவ ஃபீனைல் ஊற்றுவது இங்கே பழகிப்போன ஒன்று. பூனை இருக்கும் வீட்டில் அது விஷம். பீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் ஒரு என்சைம் பூனைக்குச் செயல்படும் அளவில் இல்லை. ஃபீனைல் தெளித்த டப்பில் அல்லது தரையில் நடந்த பூனை பாதத்தை நக்கும்; நக்கியது வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும். எச்சில் ஒழுகுவது, நடுக்கம், தள்ளாட்டம், சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது என்று ஆரம்பித்துக் கல்லீரல் வரை போகும். கறுப்பு ஃபீனைல்தான் மிக மோசம். பைன் எண்ணெய் சேர்த்த வெள்ளை ஃபீனைலும் பூனைக்கு ஆகாது. டெட்டாலில் உள்ள குளோரோசைலினாலும் இந்தக் குடும்பம்தான். தண்ணீரில் ஊற்றியதும் வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினி எதையும் பூனையின் அருகே கொண்டுபோகாதீர்கள் என்பதை ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். நாற்றத்துக்காகப் பாத்ரூமில் போட்டுவைக்கும் அந்துருண்டையும் இதே பட்டியலில் சேரும். கற்பூரமும் அப்படியே. மழைக்காலத்தில் தெருவோரம் தூவும் பிளீச்சிங் பவுடரை மிதித்து வந்த பூனையின் பாதத்தை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

பாக்ஸுக்கு வெளியே போய்விட்டால், முதலில் துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு பச்சைத் தண்ணீரும் சோப்பும், அதன்பின் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவம். மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலப் படிகம் சோப்பில் முழுசாகப் போகாது. நமக்கு வாசம் தெரியாவிட்டாலும் பூனைக்குத் தெரியும், அடுத்த முறையும் அங்கேயே வரும். அறுவை செய்யாத ஆண் பூனை சுவரில் பீய்ச்சினால் அது குறி போடுவது, பாக்ஸின் குற்றமில்லை. 5, 6 மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

அள்ளியதை எங்கே போடுவது

மக்கும் குப்பையில் போடாதீர்கள், அது உரமாகப் போகிறது. நாப்கின், டயப்பரைக் கட்டிக் கொடுப்பதுபோலவே கொடுங்கள்: பழைய நியூஸ்பேப்பரில் இறுக்கிச் சுருட்டி, ஒரு பையில் போட்டு முடிச்சு, தனியாகக் கையில் கொடுத்து இன்னதென்று சொல்லிவிடுங்கள். தூய்மைப் பணியாளர்களில் பலர் கையுறை இல்லாமலே பிரிக்கிறார்கள். நம் வீட்டுப் பூனையின் மலம் அவர்கள் விரலில் படக்கூடாது என்பது நம் பொறுப்பு. கிழியும் கவரில் தொளதொளவென்று கட்டிக் கொடுப்பது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

கக்கூஸில் ஊற்றுவதும் கால்வாயில் வீசுவதும் வேண்டவே வேண்டாம். அடைப்பு ஒருபுறம். ஓட்டேரி நல்லாவிலும் பக்கிங்காம் கால்வாயிலும் விழுந்தது கடைசியில் கடலுக்குத்தான் போகும். கலிபோர்னியா கடலோரத்தில் கடல் நீர்நாய்கள் இதே டாக்சோபிளாஸ்மாவால் செத்திருக்கின்றன. தரையில் பூனை போட்ட முட்டை மழைநீரோடு கடலில் சேர்ந்ததே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கறிவேப்பிலைத் தொட்டி, புதினாத் தொட்டி, மொட்டை மாடிக் கீரைப் பாத்தி எதிலும் பழைய லிட்டரைக் கொட்டக் கூடாது. ஈர மண்ணில் அந்த முட்டை ஒரு வருஷத்துக்கு மேல் கூடக் காத்திருக்கும். மாடியில் வடகமும் கருவாடும் காயும் நாளில் பாக்ஸை மேலே கொண்டுபோய்த் தட்டாதீர்கள், ஈ பார்த்துக்கொள்ளும் மீதியை.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால்

“புள்ள பொறக்கப் போவுது, அந்தப் பூனைய எங்கனா கொண்டுபோய் விட்டுட்டு வா” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பயம் நியாயமானது. கர்ப்ப காலத்தில் முதல்முறையாக டாக்சோபிளாஸ்மா தொற்றினால் கரு கலையலாம், குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். ஆனால் பூனையைக் காசிமேட்டில் விட்டுவருவது இதற்குத் தீர்வில்லை. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்ட மண் வழியாகவும் அது வரும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்தப் பத்து மாதமும் லிட்டர் வேலையைக் கணவரோ மாமியாரோ வேறு யாரோ எடுத்துக்கொள்ளட்டும், ஒருநாளும் தள்ளிப்போடாமல் அள்ளட்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி, கடையில் கேட்டு வாங்கும் பச்சைக் குடல் கொடுக்காதீர்கள், வேகவைத்துக் கொடுங்கள். எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். வேறு ஆளே இல்லை என்றால் ரப்பர் கையுறை, முகக்கவசம், தினமும் அள்ளுவது, சோப்புக் கை. செக்கப்புக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஆனாலும் வேறு எங்கே போகிறவர்கள் ஆனாலும், வீட்டில் பூனை இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். முன்பே தொற்றி எதிர்ப்புச் சக்தி வந்திருந்தால் பொதுவாகக் குழந்தைக்குப் பயமில்லை. புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களும் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பாக்ஸ் இருக்கும் பக்கம் குழந்தை போக முடியாதபடி ஒரு பலகைத் தடுப்பு வையுங்கள், பூனை தாண்டிப் போய்க்கொள்ளும்.

மழைக்காலம்

ஐப்பசி பிறந்ததும் ஒரு மாதத்துக்கான லிட்டரை வாங்கி, மூடி இறுகும் டிரம்மில் கொட்டி, அலமாரி மேலோ பரண்மேலோ வைத்துவிடுங்கள். தரையில் வைத்த மூட்டை ஒரு மழையில் களிமண் பாறையாகிவிடும். புளியந்தோப்பு, பட்டாளம், கொருக்குப்பேட்டை போலத் தண்ணீர் நிற்கும் இடமென்றால், தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே பாக்ஸைத் தூக்கி உயரமான மேசைமேல் வைத்துப் பூனைக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள். பாக்ஸுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்துவிட்டால் அந்த மண்ணைக் காயவைத்துப் பயன்படுத்த முயலாதீர்கள், மொத்தமும் கட்டி எறிந்துவிட்டு டப்பைச் சோப்பு, கொதிதண்ணீர் இரண்டாலும் கழுவுங்கள். லிட்டர் தீர்ந்து கடையும் திறக்காத நாளில் நியூஸ்பேப்பரைப் பட்டை பட்டையாகக் கிழித்து, பழைய லிட்டர் ஒரு பிடியை மேலே தூவி வையுங்கள். அந்த வாசத்தை வைத்துப் பூனை இடத்தைக் கண்டுகொள்ளும்.

பாக்ஸில் தெரியும் நோய்

தினமும் அள்ளுகிறவருக்கு மட்டும் கிடைக்கும் லாபம் இது. ஒரு பூனைக்கு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு மூத்திரக் கட்டி சாதாரணம். கட்டிகள் திடீரென்று பெரிசாகி எண்ணிக்கையும் கூடினால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். மலத்திலோ ஆசனவாயைச் சுற்றிலோ அரிசிமணிபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் நாடாப்புழுவின் துண்டு. ரோமத்தில் இருக்கும் தெள்ளுப்பூச்சியைப் பூனை நக்கி விழுங்குவதால் பெரும்பாலும் வருவது, பூச்சியையும் சேர்த்து ஒழிக்க வேண்டும். தளர்ந்த மலத்துக்குப் பால் ஒரு காரணமாக இருக்கலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, நிறுத்திப் பாருங்கள். பூச்சிமருந்து குட்டிக்கு 3 வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை, 8 வாரத்துக்குப் பின் 6 மாதம் ஆகும் வரை மாதாமாதம், பெரிய பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடை பார்த்து டாக்டர் சொல்லும் அளவில்தான். நாய்க்கு வாங்கியதைப் பாதியாக உடைத்துக் கொடுக்கக் கூடாது.

ஆண் பூனை பாக்ஸுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, கத்துகிறது, கட்டியே இல்லை அல்லது பட்டாணி அளவுதான் இருக்கிறது என்றால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். ஒன்று இரண்டு நாளில் உயிர் போகும். ராத்திரி ஆனாலும் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மற்ற கோளாறுகளுக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வடசென்னைக்குப் பக்கம்தான். போகும்போது அன்று காலை போன மலத்திலிருந்து, மண் ஒட்டாத பகுதியாகப் பார்த்து ஒரு புளியங்கொட்டை அளவு, இறுக மூடும் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் மேல் பூனையின் வயது, மலம் போன நேரம், கடைசியாகப் பூச்சிமருந்து கொடுத்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் நுண்நோக்கியில் முட்டை எந்தப் புழுவுடையது என்று பார்க்க முடியும். நேற்றைய காய்ந்த மலத்தைக் கொண்டுபோனால் திரும்பவும் வரச் சொல்வார்கள்.